வடமராட்சியின் மணல் மலைகள்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் மலை இல்லை என்பது பள்ளிக்கூடப் புவியியலின் முதற்பாடம். பெரும்பகுதி கடல்மட்டத்திலிருந்து 10 மீற்றருக்குள் அடங்கிவிடும் சுண்ணக்கல் தட்டை. ஆண்டு முழுக்க ஓடும் ஆறு ஒன்றுகூட இல்லை. வல்லிபுரம், மணற்காடு, குடத்தனை, அம்பன், நாகர்கோவில் என்று வடமராட்சியின் கிழக்குக் கரையோரமாகச் சுண்டிக்குளம் வரை விட்டும் தொட்டும் நீளும் மணல் மேடுகளை அந்தப் பாடம் கணக்கில் எடுப்பதில்லை. ஒரு மலைத்தொடரை உயரத்தால் மட்டும் அளந்தால் எடுக்காததில் தவறில்லை. ஆனால் மழையைப் பிடித்துவைத்து மெல்ல மெல்ல விடுவது, காற்றையும் கடலையும் மறிப்பது, தனக்கென்று ஒரு கூட்டம் செடி கொடிகளையும் பிராணிகளையும் வைத்திருப்பது என்று மலை செய்யும் வேலைகளை வைத்துப் பார்த்தால், குடாநாட்டுக்கு உள்ள ஒரே மலைத்தொடர் இதுதான். டிப்பருக்கும் உழவு இயந்திரத்துக்கும் அள்ளிக் கொடுக்கும் வெறும் மண்ணாக அதைப் பார்ப்பது கணக்குத் தெரியாத வேலை.

இந்த மலை காற்றால் ஆனது. அலையும் கரையோர நீரோட்டமும் மணலைக் கரையில் கொண்டுவந்து போடுகின்றன. அது காய்ந்த பிறகு காற்றின் முறை. மணிக்கு ஏறக்குறைய 20 கிலோமீற்றர் வேகம் வந்தால் போதும், காய்ந்த மணி எழும்பிவிடும். ஆனால் தூசுபோலப் பறந்து போய்விடாது. முழங்கால் உயரத்துக்குக் கீழேயே துள்ளித் துள்ளிப் போகும். விழும் இடத்தில் இன்னும் சில மணிகளைக் கிளப்பிவிடும். வழியில் ஒரு தடை வந்தால் அங்கேயே குவியும். வாடை கடலிலிருந்து தரைப்பக்கம் தள்ளும், சோழகம் தரையிலிருந்து கடற்பக்கம் திருப்பித் தள்ளும். ஒன்று கட்டியதை மற்றது ஆறு மாதம் கழித்துத் திருத்துவதால் மேட்டின் முகடு ஒரே இடத்தில் நிற்பதில்லை. காற்று மறைவுப் பக்கத்தில் மணல் சுமார் 33 பாகைக்கு மேல் செங்குத்தாக நிற்காது. அதைத் தாண்டினால் சரிந்துவிடும். இந்த விதியைச் சின்ன அளவில் பார்க்க வேண்டுமானால் தாழையின் அடியில் காற்றுப் படாத மணலைப் பார்க்கலாம். குழியானை புனல் வடிவில் ஒரு குழி பறித்து, சரியும் எல்லையிலேயே அதன் சுவரை நிறுத்தி, அடியில் புதைந்து கிடக்கும். எறும்பு விளிம்பில் கால் வைத்தால் சுவர் தானே இறங்கும். பனை உயர மேடு சரிவதும் இந்த விரலளவுக் குழி சரிவதும் ஒரே கணக்கில்தான்.

காற்று குவிப்பதைக் கட்டிப் பிடிப்பவை செடிகள். கடலுக்கு முன்வரிசையில் அடம்பன் கொடியும் இராவணன் மீசையும் நிற்கும். அடம்பன் ஓடும் வழியில் கணுவுக்குக் கணு வேர் விடும். மணல் மூடினால் மூடியதற்கு மேலால் தலை நீட்டும். இராவணன் மீசையின் முட்போன்ற இலைகளுக்கிடையில் காற்று வேகம் இழந்து தன் சுமையை இறக்கிவிடும். அதன் விதைத்தலை முள்ளுப் பந்துபோல உருண்டையானது. காம்பு ஒடிந்ததும் காற்றோடு மணலில் உருண்டுபோய், மாட்டிய இடத்தில் முளைக்கும். பின்வரிசையில் எருக்கு, தாழை, அதற்கும் பின்னால் பனை. உப்பும் சூடும் பசையற்ற மண்ணும் சேர்ந்த இந்த இடத்தில் வயற்கரைச் செடி ஒரு சோழகத்தைக்கூடத் தாங்காது. தொடரின் தென்கோடியில் சுண்டிக்குளம் 1938 இலேயே பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2015 இல் தேசிய பூங்காவானது. பூநாரைக் கூட்டம் இறங்கும் அந்தக் களப்புக்கும் திறந்த கடலுக்கும் நடுவில் இருப்பது ஒடுங்கிய மணற் கீற்றுத்தான்.

இனி நீர்க் கணக்கு. குடாநாட்டு மழையில் பெரும்பங்கு ஐப்பசி தொடங்கி மார்கழிக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். சுண்ணக்கல்லில் விழும் மழை வெடிப்பும் பொந்துமாக உள்ள பாறை வழியே விரைவில் கடலைத் தேடிப் போய்விடும். கீரிமலையில் கடலோரமாக நன்னீர் பீறிடுவது அழகான காட்சிதான், நீர் கைவிட்டுப் போகும் காட்சியும் அதுவே. மணலில் அப்படி இல்லை. மணிகளுக்கிடையிலான சிறு சந்துகள் வழியே நீர் நின்று நிதானித்துத்தான் நகரும். உள்ளே இறங்கிய நன்னீர், கீழே கிடக்கும் கடல்நீருக்கு மேல் மிதக்கும். கடல்நீர் நன்னீரைவிட நாற்பதில் ஒரு பங்கு கனமானது. ஆகவே நிலத்தடி நன்னீர் கடல்மட்டத்துக்கு மேலே ஓர் அடி உயர்ந்து நின்றால், கீழே சுமார் நாற்பது அடி நன்னீர் உவரைத் தள்ளிக்கொண்டு நிற்கும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஒல்லாந்தரான பாடன் கைபெனும், 1901 இல் ஜேர்மனியரான ஹெர்ஸ்பேர்க்கும் தனித்தனியே எழுதிய கணக்கு இது. இருவரும் வேலை செய்தது ஐரோப்பாவின் வடகடலோர மணல் நிலங்களில். இதை மறுபக்கம் திருப்பிப் படித்தால்தான் உறைக்கும்: மேலே ஓர் அடி இறங்கினால் கீழே நாற்பது அடி போய்விடும்.

கணக்கு எழுதப்படுவதற்கு வெகுகாலம் முன்பே ஆட்கள் இந்த நீரைத் தேடி வந்திருக்கிறார்கள். வல்லிபுரத்தில் 1936 இல் வெளிப்பட்ட பொற்சாசனம் அநுராதபுரத்து வசப மன்னன் காலத்தது, ஏறக்குறைய 1,900 ஆண்டு பழையது. பொன்னம்பலம் ரகுபதி 1987 இல் வெளியிட்ட குடாநாட்டுத் தொல்லியல் ஆய்விலும் வல்லிபுரம் முக்கியமான ஆதிக் குடியிருப்புகளில் ஒன்று. விளைச்சல் மண் இல்லாத மணற்பரப்பில் அவ்வளவு பழைய குடியிருப்பு ஏன் வந்தது? கடல் வணிகம் ஒரு காரணம் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் கப்பல் வரும் கரையிலும் குடிக்க நீர் வேண்டும். மணலில் கையளவு தோண்டினால் அது கிடைத்திருக்கும் என்பது என் ஊகம். வல்லிபுர ஆழ்வார் இன்றும் புரட்டாதியில் இந்த மணலைக் கடந்துதான் கடல் தீர்த்தத்துக்குப் போகிறார்.

மணல் அள்ளுபவர்களிடம் ஒரு நியாயமான கேள்வி உண்டு: நாங்கள் அள்ளுவது மேலே காய்ந்து கிடக்கும் மண், நீர் இருப்பது கீழே, இதில் என்ன குறைந்துபோகிறது? குறைகிறது. மணலில் ஈரம் தானாக மேலேறும் உயரம் ஒன்றிரண்டு அடிதான். அதற்கு மேலே கிடக்கும் காய்ந்த மணல் கிணற்றுக்குப் போட்ட மூடி மாதிரி. பங்குனி, சித்திரை வெயில் நீரைத் தொடாமல் அதுதான் மறைக்கிறது. மூடியை எடுத்தால் ஈரம் மேற்பரப்பை எட்டி ஆவியாகும். இன்னும் தோண்டினால் நீரே திறந்த குளமாகிவிடும். உப்பு மேலேறுவது அதற்குப் பிறகுதான், அதுவும் நாற்பது மடங்கு விகிதத்தில். அள்ளுபவர் கொண்டுபோனது ஐந்து கியூப் மண், இழப்பு இன்னொரு வீட்டுக் கிணற்றில் தெரியவரும். 1981ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புச் சட்டமும் 1992ஆம் ஆண்டின் சுரங்க, கனியச் சட்டமும் அனுமதியின்றி அள்ளுவதைத் தடுக்கின்றன. ஆனாலும் போர் முடிந்த 2009 க்குப் பிறகு எழும்பிய வீடுகளுக்கும் மதில்களுக்கும் மண் எங்கிருந்தாவது வரவேண்டியிருந்தது. வீடிழந்த சனத்துக்கு மண் வேண்டாம் என்று சொல்ல எவருக்கும் வாய் வராது. கேட்க வேண்டியது எங்கே, எந்த ஆழம் வரை என்பதைத்தான். நிலத்தடி நீருக்கு மேல் எத்தனை அடி மணல் மிஞ்ச வேண்டும் என்ற வரம்பு இல்லாத அனுமதி, கியூப் எண்ணிக்கை எவ்வளவு சிறிதானாலும் ஆபத்தானது.

மணல் நகரும், மூடும், ஆகவே அது பகை என்று இன்னொரு வாதம். மணற்காட்டில் மணல் மூடிச் சிதைந்து கிடக்கும் பழைய அந்தோனியார் கோயிலே அதற்குச் சாட்சி. உண்மைதான், மேடு ஓரிடத்தில் நிற்காது என்று தெரிந்தும் அதன் வழியில் கட்டினால் இது நடக்கும். வனத் திணைக்களம் இங்கே வளர்த்த சவுக்கங்காடு மணலை ஓரளவு நிறுத்தியிருக்கிறது. ஆனால் அது நீரை உறிஞ்சும், உதிரும் சருகுமெத்தையில் வேறு எதையும் இலகுவில் முளைக்க விடாது. நீருக்காக மேட்டைக் காப்பவர் அடம்பனையும் இராவணன் மீசையையும் முதலில் நம்புவதே மேல். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்தபோது மேடு இருந்தும் இந்தக் கரையில் சனம் செத்ததே என்றும் கேட்கலாம். வள்ளம் இழுக்கும் குடிகள் கரையை ஒட்டி, மேட்டுக்குக் கடற்பக்கமாக இருந்தவர்கள். முதுகுக்குப் பின்னால் உள்ள சுவர் யாரையும் காப்பதில்லை. மேடு செய்யக்கூடியதை யாலையில் கண்டார்கள். கடற்காட்சிக்காக மணல்மேட்டைக் குறைத்திருந்த விடுதியை அலை துடைத்துக்கொண்டு போனது, குலையாத மேடுகளுக்குப் பின்னால் சேதம் மிகக் குறைவு.

இதே கரையில் தாளையடியில் 2024 ஓகஸ்ட்டில் திறந்த கடல்நீர் சுத்திகரிப்பு நிலையம் நாளுக்கு 24,000 கனமீற்றர் நன்னீர் தரக்கூடியது. இனி மணல் நீர் எதற்கு என்பது கடைசிக் கேள்வி. யாழ்ப்பாண நகரத்துக்கு அந்த நிலையம் வேண்டியதுதான். ஆனால் இப்படிப்பட்ட நிலையங்களில் ஒரு கனமீற்றருக்கு மூன்று, நான்கு அலகு மின்சாரம் செலவாகும். மணல் அதே வேலையை மழையோடு இலவசமாகச் செய்கிறது. 1658 முதல் யாழ்ப்பாணத்தை ஆண்ட ஒல்லாந்தரின் சொந்த ஊர்க் கதை இங்கே பொருந்தும். அம்ஸ்டர்டாம் 1853 முதல் ஹார்லெமுக்கு அருகிலுள்ள மணல்மேட்டு நீரைக் குழாயில் கொண்டுவந்து குடித்தது. அளவுக்கு மீறி எடுத்ததும் உவர் ஏறத் தொடங்கிற்று. மேட்டைக் கைவிடாமல், 1957 முதல் றைன் ஆற்று நீரைக் கொண்டுவந்து மணலுக்குள் இறக்கி நன்னீரைத் திரும்ப நிரப்பினார்கள். வடமராட்சியில் இறக்குவதற்கு றைன் இல்லை. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழைதான் உண்டு. அது விழும்போது அந்த இடத்தில் மணல் இருந்தாக வேண்டும்.