பந்தும் மட்டையும் பள்ளிப் பிள்ளைகளும்

கிறிக்கெற் ஆட்டத்திற் பழகிய கண்களுக்கு, அமெரிக்கரின் பேஸ்போல் ஆட்டம் சற்றே விநோதமாகத் தோன்றும். ஆயினும் இரண்டையும் அளவுகோல் கொண்டு ஒப்பிட்டால் உறவு தெரிந்துவிடும். கிறிக்கெற்றில் விக்கெற்றுக்கு விக்கெற் 66 அடி. பேஸ்போலில் எறிவாளன் கால் வைக்கும் றப்பர்த் தகட்டிலிருந்து துடுப்பாட்டக்காரன் நிற்கும் தாய்த்தளம் வரை 60 அடி 6 அங்குலம். கிறிக்கெற் பந்து ஐந்தரை அவுன்சுக்குக் குறைவதில்லை. பேஸ்போல் பந்தோ ஐந்து அவுன்சுக்கும் ஐந்தேகால் அவுன்சுக்கும் இடைப்பட்டது. அது தரையிற் பட்டு எழும்பி வருவதில்லை; எறிந்த கையிலிருந்து நேரே வருகிறது. அடிபட்ட பின்பும் பல வேளைகளில் நேரேதான் திரும்பிச் செல்கிறது.

அந்தத் திரும்பும் பயணத்திலேதான் ஆபத்து இருக்கிறது. பந்தை எறிந்தவன் ஓரடி முன்வைத்துச் சாய்ந்து நிற்கும் அந்தக் கணத்தில் அவனுக்கும் மட்டைக்கும் இடையே ஏறத்தாழ 54 அடியே உண்டு. பந்து மணிக்கு 90 மைல் வேகத்தில் அவனை நோக்கித் திரும்புமானால், வினாடிக்கு 132 அடி கடக்கும். அரை வினாடிக்கும் குறைந்த நேரத்தில் அவன் பந்தைக் கண்டு, உணர்ந்து, கையுறையை உயர்த்தவேண்டும். அவன் வயதோ பதினாறு, பதினேழு.

ஐக்கிய அமெரிக்காவில் உயர்பள்ளி மாணவரின் விளையாட்டுகளுக்கு விதி வகுப்பது, 1920 ஆம் ஆண்டிலே தோன்றிய மாநில உயர்பள்ளிச் சங்கங்களின் தேசிய சம்மேளனமாகும். இதன் தலைமையகம் இண்டியானாபொலிஸ் நகரில் இருக்கிறது. தொழில்முறை ஆட்டக்காரரின் விதிநூல் வேறு, பல்கலைக்கழக விதிநூல் வேறு, பள்ளி விதிநூல் வேறு. வளர்ந்த மனிதன் சம்பளம் பெற்று ஏற்கும் ஆபத்தைப் பெற்றோரின் நம்பிக்கையிலே அனுப்பப்பட்ட பிள்ளைமீது சுமத்தலாகாது என்பதே இந்தப் பிரிவுக்குத் தக்க நியாயம்.

இந்த நியாயம் எளிதில் உதயமாகவில்லை. 1920 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 16 ஆந் திகதி நியூ யோர்க்கில் நடந்த தொழில்முறை ஆட்டமொன்றில், கிளீவ்லாந்து அணியைச் சேர்ந்த றே சப்மன் என்பவரின் தலையிற் பந்து பட்டது. மறுநாள் அவர் இறந்தார். அன்று எவரும் தலைக்கவசம் அணிந்திருக்கவில்லை. அழுக்கேறிய பந்தை உடனுக்குடன் மாற்றவேண்டும் என்ற வழக்கம் அந்த மரணத்தின் பின்னர் வலுப்பெற்றது. தலைக்கவசமோ உயர்மட்டத் தொழில்முறை ஆட்டத்திற் கட்டாயமாவதற்கு 1971 ஆம் ஆண்டுவரை காத்திருக்க வேண்டியிருந்தது. அரை நூற்றாண்டு! அணிவது கோழைத்தனம் என்று ஆட்டக்காரர் கருதியதே தாமதத்துக்குப் பெருங் காரணம்.

இன்று பள்ளி ஆட்டத்திலே இரு காதுகளையும் மூடும் தலைக்கவசமின்றி எந்த மாணவனும் துடுப்பெடுத்து நிற்க இயலாது. தளங்களுக்கிடையே ஓடுபவனும், தன் முறைக்காகக் காத்து நிற்பவனும், பயிற்றுநருக்குரிய கட்டத்தில் நிற்கும் மாணவனும் அதை அணிந்தேயாகவேண்டும். அது விளையாட்டு உபகரணத் தராதரக் குழுவின் முத்திரை பெற்றதாயும் வெடிப்பு இல்லாததாயும் இருத்தல் அவசியம். இந்தக் குழு 1969 ஆம் ஆண்டில் அமைக்கப்பட்டது. அமெரிக்கக் காற்பந்தாட்டத்தில் நிகழ்ந்த மரணங்களே அதற்குத் தூண்டுகோலாயின.

தலைக்கவசத்தைப் பற்றிய வாதம் ஓய்ந்துவிட்டது. மட்டையைப் பற்றிய வாதம் அவ்வாறன்று.

மரமட்டை முறியும். ஒரு பருவத்திலே பல மட்டைகள் முறியும். பள்ளிக்கூடத்தின் பணப்பை அதைத் தாங்குவதில்லை. எனவே 1970 ஆம் ஆண்டளவிலே அலுமினிய மட்டைகள் சந்தைக்கு வந்தபோது பள்ளிகள் அவற்றை ஆவலோடு வரவேற்றன. கிறிக்கெற் உலகம் இதே சோதனையை 1979 ஆம் ஆண்டு டிசம்பரில் எதிர்கொண்டது. அவுஸ்திரேலியாவின் டெனிஸ் லில்லி பேர்த் மைதானத்திற்கு அலுமினிய மட்டையோடு வந்தார், இங்கிலாந்து அணித்தலைவர் முறையிட்டார், மட்டை எறியப்பட்டது, பின்னர் வந்த விதிகள் மட்டை மரத்தாலானதாக இருக்கவேண்டுமென்று தெளிவாக உரைத்தன. கிறிக்கெற் கதவை அடைத்தது. பள்ளி பேஸ்போல் கதவைத் திறந்துவிட்டு, உள்ளே வந்த விருந்தாளியை அடக்குவதிலே பல ஆண்டுகளைச் செலவிட்டது.

உலோக மட்டை ஏன் அடங்க மறுத்தது? மரமட்டை திண்மையானது. பந்து அதில் மோதும்பொழுது பந்தே நசுங்குகிறது. நசுங்குவதிலே பந்தின் சக்தியிற் பெரும்பகுதி வீணாகிறது. உலோக மட்டையோ உள்ளே வெறுமையான குழாய். மோதும்போது அதன் மெல்லிய சுவர் சிறிது உள்வாங்கி, உடனே மீண்டும் எழும்புகிறது. இழுத்துக் கட்டிய துணியின்மேல் விழுந்தவனைத் துணி மேலே எறிவதுபோல, சுவர் பந்தை எறிகிறது. பந்து குறைவாக நசுங்குகிறது; வேகம் மிஞ்சுகிறது. அத்துடன் குழாய் மட்டையின் பாரம் கைப்பிடிப் பக்கம் ஒதுங்கி நிற்பதால், சிறுவனும் அதை விரைவாகச் சுழற்றலாம்.

முதலிலே நிறைக்கு எல்லை விதிக்கப்பட்டது. மட்டையின் நீளத்தை அங்குலத்திலும் நிறையை அவுன்சிலும் எழுதினால், இரண்டுக்குமிடையே 3 க்கு மேற்பட்ட வித்தியாசம் இருத்தலாகாது. 33 அங்குல மட்டை 30 அவுன்சாவது இருக்கவேண்டும். பருத்த பாகத்தின் விட்டம் இரண்டேயைந்து எட்டில் அங்குலத்தைத் தாண்டலாகாது. பின்னர் பந்து மட்டையை விட்டு நீங்கும் வேகத்தை அளந்து ஓர் எல்லை வகுத்தார்கள். ஆனால் உற்பத்தியாளர் விதியை விட வேகமாக ஓடினார்கள். இழைகளும் பசையும் சேர்த்துச் செய்த கலப்புப்பொருள் மட்டைகள் வந்தன. இவை புதிதாக இருக்கும்போது பரிசோதனையிலே தேறிவிடும்; அடித்து அடித்துப் பழகியபின் உள்ளிழைகள் தளர்ந்து முன்னிலும் அதிகமாக எறியும். பொறுமையற்ற சிலர் உருளைகளிடையே மட்டையை அழுத்தி அந்தப் பழக்கத்தை ஒரே நாளில் வருவித்தார்கள். பரிசோதனைச் சாலை கண்ட மட்டை வேறு, மைதானம் கண்ட மட்டை வேறு என்றாயிற்று. 2010 ஆம் ஆண்டிலே சம்மேளனம் இத்தகைய மட்டைகளைத் தடைசெய்து, பழக்கிய பின்னும் எல்லைக்குள் நிற்பவற்றுக்கு மட்டுமே இடந்தந்தது.

இதற்கிடையில் வழக்கு மன்றங்களும் நகர சபைகளும் விடயத்திலே தலையிட்டன. 2003 ஆம் ஆண்டு மொன்ரானா மாநிலத்தில், பள்ளிக்குப் புறம்பான இளைஞர் ஆட்டமொன்றில், பதினெட்டு வயது எறிவாளன் அலுமினிய மட்டையிலிருந்து திரும்பிய பந்து பட்டு இறந்தான். மட்டையின் ஆபத்தை உற்பத்தியாளர் போதுமான அளவு எச்சரிக்கவில்லை என்று 2009 இல் யூரிமார் தீர்ப்பளித்தனர். நியூ யோர்க் நகர சபை 2007 ஆம் ஆண்டிலே, நகர மேயரின் மறுப்பையும் மீறி, உயர்பள்ளி ஆட்டங்களில் உலோக மட்டையை விலக்கியது. வட டக்கோட்டா மாநிலத்துப் பள்ளிகளும் அதே ஆண்டில் மரமட்டைக்குத் திரும்பின.

தேசிய சம்மேளனம் அவ்வளவு தூரம் செல்லவில்லை. உலோகத்தை விலக்காமல், உலோகத்தை மரம்போல் நடக்கச் செய்வதே அதன் வழியாயிற்று. 2012 ஆம் ஆண்டு ஜனவரி 1 ஆந் திகதி முதல், திண்மையான ஒரே மரத்துண்டாலான மட்டை தவிர்ந்த எல்லா மட்டைகளும் மீள்தன்மைச் சோதனையிலே தேறவேண்டும். அசையாது பொருத்திய மட்டையை நோக்கிக் காற்றுப் பீரங்கியால் பந்து செலுத்தப்படுகிறது. பந்தும் மட்டையும் நெருங்கிய வேகத்திற்கும் பிரியும் வேகத்திற்கும் உள்ள விகிதம் 0.50 ஐத் தாண்டலாகாது. நல்ல மரமட்டையின் விகிதமும் இதை ஒட்டியதே. முந்திய அளவை மட்டையின் நிறைப் பங்கீட்டையும் துள்ளலையும் ஒன்றாய்க் கலந்து பார்த்தது. இது துள்ளலை மட்டும் தனியே பிரித்துப் பிடிக்கிறது. பல்கலைக்கழகங்கள் ஓராண்டு முந்தியே இதை ஏற்றன. அங்கே ஓட்டங்கள் வெகுவாகக் குறைந்து இரசிகர் முணுமுணுக்க, 2015 இல் தையல் தணிந்த பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்துக்குச் சிறிது உயிரூட்ட நேர்ந்தது.

மட்டை அடங்கினாலும் பந்து பந்துதான். தலையிற் படும் அடியை எல்லோரும் அஞ்சினர். நெஞ்சிற் படும் அடியை வெகுகாலம் எவரும் விளங்கிக்கொள்ளவில்லை. எலும்பு முறியாது, இரத்தம் சிந்தாது. ஆயினும் திடமான பிள்ளை சில கணங்களிற் சரிந்து விழுவான். இதயம் ஒவ்வொரு துடிப்பின் பின்னும் அடுத்த துடிப்புக்குத் தன்னைச் சரிப்படுத்தும் வேளையில், ஒரு வினாடியின் நூறில் இரண்டு பங்கிலும் குறைந்த இடைவெளி இருக்கிறது. சரியாக அந்த இடைவெளியில் இதயத்துக்கு நேரே அடி விழுந்தால் துடிப்பு குலைந்து வெறும் நடுக்கமாகிறது. 1998 இல் அமெரிக்க மருத்துவர்கள், மயக்கிய பன்றிக்குட்டிகளின்மீது மணிக்கு 30 மைல் வேகத்தில் பந்தைச் செலுத்தி இதை நிறுவினார்கள். மணிக்கு 30 மைல் என்பது சிறு பிள்ளைகள் எறியும் வேகம். நெஞ்சுக்கூடு இன்னும் வளைந்து கொடுக்கும் இளவயதினரே பெரும்பாலும் இதற்குப் பலியாகின்றனர். மின்னதிர்ச்சி தந்து துடிப்பை மீட்கும் கருவி சில நிமிடங்களுள் கிடைத்தால் உயிர் பிழைக்கலாம்.

மார்புக்கவசம் அணிந்திருந்தவர்களும் இறந்தோருள் இருந்தனர் என்பதே அதிர்ச்சி தந்த செய்தி. பழைய கவசங்கள் நோவைத் தடுக்கச் செய்யப்பட்டவை. இதயத்தைக் காக்கச் செய்யப்பட்டவையல்ல. எனவே அடியின் விசை இதயத்தை எட்டாது தடுப்பதற்குப் புதிய தராதரம் வகுக்கப்பட்டு, 2020 ஆம் ஆண்டு ஜனவரி 1 ஆந் திகதி முதல் தாய்த்தளத்தின் பின்னிருந்து பந்தேந்தும் மாணவர் அனைவருக்கும் அத்தகைய கவசம் கட்டாயமாயிற்று. அதே நாள் முதல் பந்துகளும் தராதர முத்திரை பெறவேண்டுமென்று விதிக்கப்பட்டது. எறிவாளனுக்கோ அவ்விதக் கட்டாயம் எதுவும் விதிக்கப்படவில்லை. மிக அருகில், மிகக் குறைந்த பாதுகாப்போடு நிற்பவன் அவனே.

அவனுக்கு வேறொரு பாதுகாப்பு கிட்டியது. முன்னர் எத்தனை ஆட்டப்பகுதிகள் எறிந்தான் என்று கணக்கிட்டு ஓய்வு தந்தார்கள். ஓர் ஆட்டப்பகுதி பத்துப் பந்துகளிலும் முடியும், நாற்பது பந்துகளிலும் முடியும். முழங்கைத் தசைநாருக்குப் பகுதிக் கணக்கு தெரியாது. அந்தத் தசைநார் அறுந்தால் வேறிடத்துத் தசைநாரைக் கொண்டு திருத்தும் சத்திரசிகிச்சையை 1974 ஆம் ஆண்டில் வைத்தியர் பிராங்க் ஜோப், ரொமி ஜோன் என்ற ஆட்டக்காரருக்கு முதன்முதலிற் செய்தார். நரைத்த ஆட்டக்காரருக்கென எழுந்த அந்தச் சிகிச்சை பள்ளிப் பிள்ளைகளுக்கும் தேவைப்படலாயிற்று. 2017 ஆம் ஆண்டு முதல் ஒவ்வொரு மாநிலச் சங்கமும் எறிந்த பந்துகளை எண்ணி, அதற்கேற்ற ஓய்வு நாட்களை வகுத்தாகவேண்டும். எண்ணிக்கையை மாநிலமே தீர்மானிக்கும். ஆனால் கோடையிலே தனியார் கழகங்களுக்கு எறியச் செல்லும் சிறுவனைப் பள்ளி விதி பின்தொடர்வதில்லை. இந்த ஓட்டை சிறியதன்று.

பேஸ்போலைப் பக்தியோடு ஆடும் யப்பானும் இதே பாதையில் வந்திருக்கிறது. கோஷியன் மைதானத்துப் பள்ளிப் போட்டிகளில் ஒரே சிறுவன் நாள்தோறும் எறிந்து களைத்து நிற்பது வீரமாகப் போற்றப்பட்ட காலம் உண்டு. 2020 இல் அங்கே வாரத்துக்கு 500 பந்துகள் என்ற எல்லை வந்தது. 2024 வசந்தப் போட்டி முதல் உலோக மட்டையின் விட்டம் 67 மில்லிமீற்றரிலிருந்து 64 ஆகக் குறைக்கப்பட்டு, குழாயின் சுவரும் தடிப்பாக்கப்பட்டது.

அமெரிக்கப் பள்ளி மைதானத்தில் ஆட்டம் தொடங்குமுன், தலைமை நடுவர் இரு பயிற்றுநரையும் தாய்த்தளத்தருகே அழைத்து, பிள்ளைகள் யாவரும் விதிப்படி உபகரணம் பூண்டிருக்கிறார்களா என்று கேட்பார். ஆம் என்று அவர்கள் உறுதி கூறவேண்டும். பின்னர் விதிக்கு மாறான மட்டையோடு எவனாவது வந்து நின்றால், அவன் மட்டும் ஆட்டமிழப்பதில்லை. உறுதி கூறிய பயிற்றுநரும் தம் இருக்கையை விட்டு நகராதிருக்கக் கடவர். மறுமுறை நிகழ்ந்தால் அவர் மைதானத்தை விட்டே வெளியேறவேண்டும்.