எச்.எம்.டி.யை வீழ்த்தியது பற்றரியா?

1977இல் இலங்கை இறக்குமதிக் கட்டுப்பாடுகளைத் தளர்த்தியதும் கண்டிக் கடைவீதிகளுக்கு வெளிநாட்டுச் சாமான்கள் தாராளமாக வரத் தொடங்கின. ஜப்பானியக் கைக்கடிகாரங்களும் அவற்றோடு வந்தன. பாக்கு நீரிணைக்கு அப்பால் நிலைமை வேறு. அங்கே கைக்கடிகாரம் என்றாலே எச்.எம்.டி.தான். இயந்திரக் கருவிகள் செய்வதற்காக இந்திய அரசு 1953இல் தொடங்கிய இந்த நிறுவனம், 1961இல் ஜப்பானின் சிட்டிசன் தொழில்நுட்பத்தோடு பெங்களூரில் கடிகாரம் செய்ய இறங்கியது. அதன் 'ஜனதா'வை இன்றும் தேடி வாங்குவோர் உண்டு. காலையில் எழுந்ததும் அதற்குச் சாவி கொடுக்க வேண்டும். இறுகிய சுருள்வில் மெல்ல மெல்ல அவிழ்ந்து பற்சக்கரங்களைத் தள்ளும்; அச்சுகள் தேயாதபடி 17 செயற்கை மாணிக்கக் கற்கள் தாங்கிக்கொள்ளும்.

இப்படிப்பட்ட நிறுவனம் ஏன் விழுந்தது என்றால், பற்றரியில் ஓடும் குவார்ட்ஸ் வந்தது, சாவிக் கடிகாரம் செத்தது என்பதே வழக்கமான பதில். நொடிக்கு 32,768 தடவை அதிரும் படிகத்தோடு துல்லியத்தில் எந்தச் சுருள்வில்லும் போட்டியிட முடியாது என்பது மெய்தான். ஆனால் ஆண்டுக்கணக்கு இந்தப் பதிலோடு ஒத்துப்போகவில்லை. இந்தியாவில் முதலில் குவார்ட்ஸ் கைக்கடிகாரம் செய்ததே எச்.எம்.டி.தான், 1981இல். ஒசூரிலிருந்து டைட்டன் சந்தைக்கு வந்தது 1987இல். ஆறு வருடம் முந்திக்கொண்டவர் தோற்றதற்கு இயந்திரத்தைப் பழிப்பதில் அர்த்தமில்லை. எச்.எம்.டி. கடிகாரத்தைக் கூப்பன் அரிசி போல விற்றது: தேவையானவர் வந்து வாங்கட்டும், காத்திருக்கட்டும். டைட்டனோ பளபளக்கும் காட்சியறை திறந்தது, மோட்சார்ட் இசையோடு விளம்பரம் செய்தது, கல்யாணத்துக்கும் பிறந்தநாளுக்கும் கொடுக்கத்தக்க அணிகலனாகக் கடிகாரத்தை மாற்றியது.

அரசு நிறுவனம் வேறெப்படி நடக்கும் என்று சிலர் கேட்கக்கூடும். டைட்டனே டாடாவும் தமிழ்நாட்டு அரசின் டிட்கோவும் 1984இல் கூட்டாகத் தொடங்கியதுதான். அரசின் பங்கு அதன் கையைக் கட்டவில்லை. 1991க்குப் பின் இந்தியச் சந்தை திறந்ததால்தான் எச்.எம்.டி. நொடித்தது என்ற வாதம் இதைவிடக் கனமானது. கண்டிக்காரர் பதினான்கு வருடம் முன்பே கண்ட காட்சி அது. வெளியூர்ச் சரக்கு வந்து குவிந்தால் உள்ளூர்த் தொழில் திணறத்தான் செய்யும். ஆனால் அதே வெள்ளத்தில் டைட்டன் நீந்தியதே! 2016இல் எச்.எம்.டி. கடிகார நிறுவனத்தை மூட இந்திய அமைச்சரவை முடிவெடுத்தது. தாய் நிறுவனம் இன்றும் சிறு அளவில் விற்கும் சாவிக் கடிகாரங்களை, கைப்பேசியில் நேரம் பார்ப்பவர்கள்தாம் ஆசையாக வாங்கிக் கட்டிக்கொள்கிறார்கள்.