ஒரு புள்ளியின் பெறுமதி

கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் செல்லும் ஏ-9 வீதியும், மன்னார் வீதியும், ஹொரவப்பொத்தானை வீதியும் கூடுமிடம் வவுனியா. பல திசைப் பிரயாணிகள் வந்திறங்கும் இந்நகரில், பஸ் செல்லும் ஊரை அறிவிக்கும் எழுத்துக்கு மதிப்பு அதிகம். முன்னாளில் அதனைத் தூரிகையால் பலகையில் எழுதினர். இந்நாளிலோ பஸ்களின் நெற்றியிலும் கடை வாசல்களிலும் ஒளிப்புள்ளிகள் ஒன்றுகூடி எழுத்தாகி ஓடக் காண்கிறோம்.

இப்புள்ளி எழுத்து நேற்றுத் தோன்றியதன்று. 1980இல் ஜப்பானில் வெளிவந்த ‘பக்-மான்’ விளையாட்டில், ஒவ்வோர் எழுத்தும் எட்டுக்கு எட்டு என்ற 64 கட்டங்களுள் அடங்கியது. 1984இல் வந்த மக்கின்டொஷ் கணினியின் திரையில் இருந்தவை அகலத்தில் 512, உயரத்தில் 342 புள்ளிகளே. அதற்கெனச் சூசன் கேர் என்னும் பெண்மணி கட்டங்கட்டமாக அமைத்த ‘சிக்காகோ’ எழுத்துப் பெரும் புகழ் பெற்றது. இன்றைய திரைகளிற் புள்ளி கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆயினும் படிக்கட்டுப் போன்ற அப்பழைய விளிம்பின் அழகை விரும்பி, விளையாட்டுகளிலும் விளம்பரங்களிலும் மீண்டும் அதனை வழங்குகின்றனர்.

கட்டம் எண்ணி எழுத்தமைத்தல் நம் பெண்மணிகளுக்குப் புதிய வித்தையா? குறுக்குத் தையலில் ‘நல்வரவு’ எழுதும் கரங்கள் செய்வதும் இதுவேயன்றோ! தமிழ்நாட்டுப் பத்தமடைப் பாயில் மணமக்களின் பெயர்களை நெய்வதும் இவ்வகையினதே.

தமிழுக்கு வந்த இடர்

ஆங்கிலத்தின் பெரிய எழுத்து, ஐந்து கட்ட அகலத்திலும் ஏழு கட்ட உயரத்திலும் செவ்வனே அமையும். தமிழெழுத்தோ மேலே புள்ளிக்கும் கீழே வாலுக்கும் இடம் வேண்டுவது. ‘மன்னார்’ என்ற பெயரையே பாருங்கள். அதன் ஈற்றில் காலும் ரகர மெய்யும் அடுத்தடுத்து நிற்கின்றன. வாலும் புள்ளியும் மறைந்தால் அவை இரண்டு கால்களாகவே தோன்றும். ‘கொடு’ என்பதும் ‘கோடு’ என்பதும் வேறுபடுவது கொம்பின் ஒரு சிறு சுழியினால் மட்டுமே.

ஓலைச்சுவடி எழுதியோர் பெரும்பாலும் புள்ளி இடாது விட்டனர். காலுக்கும் ரகரத்துக்கும் வடிவ பேதமும் காட்டவில்லை. கற்றோர் பொருளுணர்ந்து படித்தனர். ஆனால், புறப்படும் பஸ்ஸை அண்ணாந்து பார்க்கும் முதியவருக்கும், தமிழ் கற்கத் தொடங்கிய சிங்கள அன்பருக்கும் அத்தகைய அவகாசம் ஏது?

பரிகாரம் எளிது

வழக்கத்திலுள்ள ஒளிப்பலகைத் துண்டொன்றில் 16 வரிசையும் 32 நிரலுமாக 512 புள்ளிகள் உண்டு. மும்மொழிகளையும் அப்பதினாறு வரிசைகளுள் ஒன்றன்கீழ் ஒன்றாக அடைத்தால் மொழிக்கு ஐந்து வரிசையே எஞ்சும். தமிழ் அதிற் பிழைக்காது. ஒன்றன்பின் ஒன்றாக, ஒவ்வொரு மொழிக்கும் முழு உயரத்தையும் அளித்தலே முறை. பெரிய எழுத்தைச் சுருக்கிப் புகுத்தாமல், அக்கட்டங்களுக்கென்றே ஒவ்வோர் எழுத்தையும் வரைதலும் வேண்டும்.

1987இல் நிறைவேறிய பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. பலகையில் தமிழ் இருந்தால் மட்டும் போதாது. அது படிக்கவும் படவேண்டும் என்பதே நம் வேண்டுகோள்.

உங்கள் குழந்தைகளிடம் ஒரு சதுரக்கோட்டுக் கொப்பியைக் கொடுங்கள். பதினாறு கட்ட உயரத்தில் தம் பெயரை நிரப்பிப் பத்தடி தள்ளி நின்று படிக்கட்டும். பின்னர் ஒரு புள்ளியை அழித்துவிட்டுப் படிக்கட்டும். அதன் பெறுமதியை அவர்களே உணர்வர்.