பொன்னாடையும் படி அரிசியும்

சென்ற மாதம் நமது நகரில் ஒரு பொதுக்கூட்டம் நடைபெற்றது. தேசத்துக்கு உழைத்து மறைந்த பெரியோரின் நினைவைப் போற்றுவதற்காகக் கூடிய கூட்டம் அது. அதனை நடத்திய கமிட்டியில் நாமும் ஓர் அங்கத்தினர். பிரசங்கங்கள் தொடங்குமுன் கால் மணி நேரம் பரதநாட்டியம் இருந்தால் நன்றாயிருக்கும் என்று யோசனை கூறியவரும் நாமே. நமக்கு அறிமுகமான ஓர் இளநங்கையை அழைத்தோம். அவரும் மறுக்காமல் வந்தார். மாலை 5 மணிக்கு வரும்படி சொல்லியிருந்தோம். தலைவர் வந்து சேர்ந்தபோது மணி 7. அதுவரையில் அந்தப் பெண் முகத்தில் ஒப்பனையும், தலையில் நகைகளும், காலில் சலங்கையுமாக மேடைக்குப் பின்னே ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஆடி முடித்ததும் சபையோர் கரகோஷம் செய்தனர். தலைவர் பொன்னாடை போர்த்தினார். நாமும் கலைத் தொண்டைப் பற்றி நாலு வார்த்தை புகழ்ந்து பேசினோம். எல்லாம் இனிதே நிறைவேறிற்று என்ற திருப்தியுடன் வீடு திரும்பினோம்.

மறுவாரம் கூட்டத்தின் வரவு செலவுக் கணக்கு நமது மேஜைக்கு வந்தது. பந்தலுக்கு இவ்வளவு, நாற்காலிக்கு இவ்வளவு, ஒலிபெருக்கிக்கு இவ்வளவு, சுவரொட்டிக்கும் பூமாலைக்கும் தேநீருக்கும் இவ்வளவு, பொன்னாடை எடுத்த ஜவுளிக்கடைக்கு இவ்வளவு என்று வரிசையாக எழுதப்பட்டிருந்தது. ஒருவருக்கும் ஒரு காசு பாக்கியில்லை. நடனம் என்ற இனம் மட்டும் அக்கணக்கில் இல்லவே இல்லை. கூட்டத்துக்கு உழைத்தவர்களில் கூலி பெறாதவர் அந்தப் பெண் ஒருவரே! இது நம் மனத்தை உறுத்திற்று. அவரைக் கண்டு, அவர் எவ்வாறு ஜீவனம் செய்கிறார் என்று விசாரித்தோம். தயங்கித் தயங்கியே விடை கூறினார். "என் பெயர் பத்திரிகையில் வர வேண்டாம், ஐயா. பணம் கேட்கிறவள் என்று பேச்சு வந்துவிட்டால், பிறகு யாரும் கூப்பிட மாட்டார்கள்" என்று கேட்டுக்கொண்டார். ஆகவே பெயரின்றி அவருடைய ஒரு நாளை இங்கே எழுதுகிறோம்.

வயது 26. பி. காம். பட்டம் பெற்றவர். ஏழாவது வயது முதல் நாட்டியம் பயின்றவர். குரோம்பேட்டையில் வாடகை வீட்டில் தாயாருடன் வசிக்கிறார். அதிகாலை 4 மணிக்கு எழுந்து மொட்டை மாடிக்குச் சென்று அடவுகளைச் சாதகம் செய்கிறார். வீட்டினுள் செய்தால் தட்டும் ஓசை கீழ்வீட்டாரின் உறக்கத்தைக் கெடுக்கும். சிமெண்டுத் தரையில் ஓங்கித் தட்டுவதால் முழங்காலுக்குக் கீழே எந்நேரமும் வலி. 5.30 மணிக்குக் கைப்பேசியை எதிரில் நிறுத்திக்கொண்டு முதல் உத்தியோகத்தைத் தொடங்குகிறார். அமெரிக்காவில் நியூ ஜெர்சியில் வாழும் தமிழ்க் குடும்பங்களின் குழந்தைகள் நால்வருக்குப் பாடம். அங்கே அப்போது முந்திய நாள் இரவு. கோடைக்காலமாயின் 8 மணி, குளிர்காலமாயின் 7 மணி. அவருடைய சம்பாத்தியத்தில் ஒழுங்காகவும் முன்பணமாகவும் வருவது இந்த ஒன்றுதான்.

பின்னர் மின்சார ரயிலேறிப் பழவந்தாங்கலில் இறங்கி, நங்கநல்லூரில் ஒரு தனியார் பள்ளிக்குச் செல்கிறார். நடன ஆசிரியை என்பது பெயர். சம்பளம் வகுப்புக் கணக்கில். பரீட்சைக் காலத்தில் நடன வகுப்பு இல்லை. கோடை விடுமுறையில் பள்ளியே இல்லை. அம்மாதங்களில் சம்பளமும் இல்லை. ஆனால் ஆண்டு விழா வந்துவிட்டால் 100 குழந்தைகளை மேடையேற்றும் பொறுப்பு அவருடையதே. அதற்காக மாலையில் கூடுதலாக நிற்கும் நேரத்துக்குத் தனிக் கணக்கு கிடையாது.

நண்பகலில் மீண்டும் ரயிலேறி மாம்பலத்தில் இறங்குகிறார். தியாகராய நகரில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் 4 மணி நேரம் கணக்கு எழுதுகிறார், வியாபாரிகளின் ஜி.எஸ்.டி. விவரங்களைக் கணினியில் ஏற்றுவது வேலை. வீட்டு வாடகையைத் தருவது இந்த உத்தியோகம். அங்கிருந்து அடையாற்றுக்குப் பேருந்து. சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் மாதர் இலவசமாகச் செல்லலாம் என்று 2021-இல் ஏற்பட்ட ஏற்பாட்டினால் தமக்கு ஒரு நாளைய காய்கறிச் செலவு மிஞ்சியது என்று அவர் நன்றியுடன் குறிப்பிட்டார். அடையாற்றில் ஓர் அடுக்கு வீட்டு வளாகத்தில் சிறுமியருக்கு இரண்டு வகுப்புகள் நடத்திவிட்டு, கிண்டிக்கு வந்து, ரயிலேறி, இரவு 9.30 மணிக்கு வீடு சேர்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் யாருடைய அரங்கேற்றத்துக்கேனும் நட்டுவாங்கம் செய்யும் வாய்ப்பு நேர்ந்தால் அதையும் ஏற்றுக்கொள்கிறார். இத்தனைக்கும் நடுவில், தமக்காக, தாமே ஆடுவதற்கு அவருக்குக் கிடைப்பது மொட்டை மாடியில் ஒன்றரை மணி நேரமே.

நமது கூட்டத்தன்று அடையாற்று வகுப்புகள் இரண்டும் நின்றுபோயின. அந்த வருமானம் போயிற்று. ஒப்பனைச் சாமான் செலவு அவருடையது. இரவு நேரமாகிவிட்டபடியால் ஆட்டோவில் திரும்பிய செலவும் அவருடையது. நாம் அவருக்கு அளித்த கௌரவத்தின் விலையை அவரே செலுத்தியிருக்கிறார்!

"இதுவரை பெற்ற பொன்னாடைகளை என்னம்மா செய்தீர்கள்?" என்று கேட்டோம்.

"பதினேழு இருக்கின்றன, ஐயா. அம்மா இரண்டைத் தலையணை உறையாகத் தைத்துவிட்டார். அரிசிக் கடையில் அவற்றை எடுத்துக்கொள்வதில்லை" என்று சிரித்தார். நமக்குச் சிரிப்பு வரவில்லை.

சபாக்களில் ஆடினால் நிலைமை சீர்படுமே என்று சிலர் எண்ணலாம். ஒரு முழுக் கச்சேரிக்குப் பாடகர், நட்டுவாங்கம், மிருதங்கம், வயலின் அல்லது புல்லாங்குழல் ஆகிய பக்கவாத்தியங்கள் வேண்டும். அவர்களோடு ஒத்திகை பார்க்க வேண்டும். ஒத்திகைக்கும் அவர்களுக்குப் பணம் தர வேண்டும். அவர்களும் இத்தொழிலையே நம்பி வாழ்பவர்கள், கேட்பது நியாயமே. உடை தைத்தல், ஒப்பனைக்காரர், வண்டி ஆகியவை வேறு. புகழ் பெறாத இளம் நர்த்தகிக்குச் சபாக்கள் பலவற்றில் கிடைப்பது மேடையும் விளக்கும் ஒலிபெருக்கியும் மட்டுமே. சென்ற மார்கழியில் ஒரு பகல் நேரக் கச்சேரிக்காகத் தமது பள்ளிச் சம்பளத்தில் இரண்டு மாதத் தொகையைச் செலவிட்டதாக இவர் கூறினார். வந்திருந்தவர் 30 பேர். அவர்களில் பாதிப் பேர் உறவினர். வேறெந்தத் தொழிலிலாவது தொழிலாளி தன் கைப்பணத்தைக் கொட்டி வேலை செய்வதுண்டா?

இந்த விபரீதம் எவ்வாறு நேர்ந்தது என்பதைச் சிறிது ஆராய்வோம். முதலாம் ராஜராஜ சோழன் தஞ்சைப் பெரிய கோவிலில் நடனமாடுவதற்கென்று சோழநாட்டுக் கோவில்கள் பலவற்றிலிருந்து 400 பெண்டிரைக் கொண்டுவந்து குடியேற்றினான். அவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு வீடும், ஆண்டுக்கு 100 கலம் நெல் கிடைக்கும் பங்கும் அளித்ததைக் கோவிற் சுவரிலேயே பெயர் பெயராக வெட்டிவைத்தான். ஆடுபவர் உண்ண வேண்டும் என்ற எளிய உண்மை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கல்லில் எழுதப்பட்டிருக்கிறது.

பழைய முறையை மீண்டும் கொணர வேண்டும் என்று நாம் சொல்வதாக எவரும் எண்ணிவிட வேண்டாம். காலப்போக்கில் அம்முறை பெண்களைப் பிறப்பினால் கட்டிவைக்கும் அடிமைத்தளையாயிற்று. அதனை அறுக்க டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் பாடுபட்டார்கள். கோவில் ஊழியத்துக்கு ஈடாகப் பெற்ற மானிய நிலங்களை அப்பெண்டிர் ஊழியக் கட்டுப்பாடின்றி அனுபவிக்க 1929-ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்தது. பொட்டுக்கட்டும் வழக்கத்தையே 1947-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்தது. இவை செய்ய வேண்டிய காரியங்களே.

அதே காலத்தில் கலையைக் காப்பாற்ற வேண்டும் என்று வாதாடியவர்களும் தேசிய இயக்கத்தைச் சேர்ந்தவர்களே. 1927-இல் சென்னையில் கூடிய காங்கிரஸ் மகாசபையை ஒட்டி நடந்த சங்கீத மகாநாட்டின் பயனாக 1928-இல் சங்கீத வித்வத் சபை தோன்றிற்று. வழக்கறிஞர் ஈ. கிருஷ்ணய்யர் தாமே சலங்கை கட்டி ஆடி இக்கலையின் பெருமையைப் பிரசாரம் செய்தார். 1931-இல் கல்யாணியின் புதல்வியரை அச்சபையின் மேடையில் ஆடச் செய்தார்கள். 1936-இல் ருக்மிணி தேவி அம்மையார் கலாக்ஷேத்திரத்தை நிறுவினார். கலை கோவிலிலிருந்து பொது மேடைக்கு வந்தது. எல்லாக் குடும்பத்துப் பெண்களும் கற்கலாயினர். கௌரவமும் உடன் வந்தது. வராமல் வழியிலேயே நின்றுவிட்டது ஒன்றுண்டு, அதுதான் ஊதியம். பரம்பரையாக ஆடிவந்த குடும்பங்கள் பல தொழிலை இழந்தன. புதிதாக ஆட வந்தவர்களிலோ, வீட்டில் சோற்றுக்குக் குறைவில்லாதவர்களுக்கு ஊதியம் ஒரு பொருட்டாக இல்லை. அதனால் பணம் கேட்பது குடும்பப் பெண்ணுக்கு அழகல்ல என்ற எண்ணம் ஊன்றிவிட்டது. இன்று குரோம்பேட்டையிலிருந்து ரயிலேறி வரும் ஏழைக் குடும்பத்துப் பெண்ணின் வாயை அடைப்பது அந்த எண்ணமே.

நாம் சட்டம் படித்தவர். 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 70-ஆவது பிரிவை நீதிமன்றத்தில் எத்தனையோ கட்சிக்காரர்களுக்காக எடுத்துக் காட்டியிருக்கிறோம். இலவசமாகச் செய்யும் எண்ணமின்றி ஒருவர் மற்றொருவருக்கு முறையான காரியமொன்றைச் செய்து, அதன் பயனை மற்றவர் அனுபவித்தால், அனுபவித்தவர் ஈடு செய்யக் கடமைப்பட்டவர் என்பது அதன் சாரம். ஆனால் நர்த்தகி வழக்காடினால், "இத்துறையில் எல்லோரும் இலவசமாகத்தானே ஆடுகிறார்கள்?" என்பதே எதிர்வாதமாகும். அநீதி வழக்கமாகிவிட்டால் அவ்வழக்கமே அநீதிக்குச் சாட்சி சொல்ல வந்துவிடுகிறது! அவர் மனமொப்பித்தானே வந்தார் என்று சிலர் கேட்கலாம். மறுத்தால் அடுத்த முறை அழைப்பில்லை என்ற அச்சத்தின் கீழ் அளித்த சம்மதத்தை மனமொப்பிய சம்மதம் என்று சொல்வது நியாயமாகாது.

பணம் புகுந்தால் கலை கெட்டுவிடும் என்பது மற்றோர் ஆட்சேபம். புகழ்பெற்ற வித்வான்கள் தக்க சன்மானம் பெற்றே பாடுகின்றனர். அதனால் அவர்களுடைய ராகம் கெட்டுவிட்டதாக எவரும் சொல்லவில்லை. பணத்தால் கெடும் கலை, இளம் பெண்ணிடத்தில் மட்டும் கெடுமோ?

பிற தேசங்கள் இதைப் பற்றிச் சிந்தித்திருக்கின்றன. பிரான்சில் 12 மாதங்களில் 507 மணி நேரம் மேடைத் தொழில் செய்தவர், வேலையற்ற நாட்களுக்கும் உதவித்தொகை பெற உரியவராகிறார். அயர்லாந்து 2022-இல் 2000 கலைஞர்களுக்கு வாரந்தோறும் 325 யூரோ வழங்கும் சோதனைத் திட்டத்தைத் தொடங்கிற்று. நமது மத்திய சர்க்காரும் 18 முதல் 25 வயதுக்குட்பட்ட இளங் கலைஞர்களுக்கு மாதம் 5000 ரூபாய் வீதம் இரண்டாண்டுகள் பயிற்சி உதவி அளிக்கும் திட்டம் வைத்திருக்கிறது. நல்லதுதான், ஆனால் தேசம் முழுவதிலும் பல கலைகளுக்கும் சேர்த்து அதனைப் பெறுவோர் சில நூற்றுவரே. நமது நங்கையோ அந்த வயதைக் கடந்துவிட்டார்.

ஆயினும் சர்க்கார் வரட்டும் என்று நாம் காத்திருக்க வேண்டியதில்லை. இதைப் படிக்கும் அன்பர்களில் அநேகர் மகாநாடுகளும் ஆண்டு விழாக்களும் நடத்துகிறவர்கள். தொழிலாளியின் கூலிக்காக மேடையில் முழங்குகிற நாம், அதே மேடையில் ஆடியவரின் கூலியை மறந்துவிடுகிறோம். இனி வரவேற்பு நடனம் வேண்டுமானால் பந்தலுக்கும் ஒலிபெருக்கிக்கும் எழுதுவது போல அதற்கும் ஒரு தொகையை முதலிலேயே எழுதுங்கள். பணமில்லையேல் பொன்னாடையை விட்டுவிடுங்கள். அதன் விலையையாவது ரொக்கமாகக் கொடுங்கள். சொன்ன நேரத்தில் ஆடவிட்டு அனுப்புங்கள். உங்கள் பெண் நடனம் கற்கிறாளாயின், ஆசிரியையின் சம்பளத்தை மாதம் பிறந்ததும் கொடுங்கள். விடுமுறை மாதத்திலும் கொடுங்கள். சபாக்களை நடத்தும் பெரியோர் பக்கவாத்தியக்காரர்களின் செலவையாவது ஏற்றுக்கொள்ளட்டும். இவற்றில் ஒன்றுக்கும் புதுச் சட்டம் தேவையில்லை.

நாம் கொடுக்கத் தவறியதை, இழந்த வகுப்புகளையும் வண்டிச் செலவையும் சேர்த்து, கமிட்டியின் தீர்மானத்தோடு அந்நங்கையிடம் சேர்ப்பித்துவிட்டோம். இதனைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. தாமதமாகத் தீர்த்த கடனுக்குப் பெருமை ஏது? அவர் அதனைப் பெற்றுக்கொண்டு, ஒரு செய்தியையும் கூறினார். ஆடிட்டர் அலுவலகத்தில் முழு நேர உத்தியோகம் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஸ்திரமான சம்பளம், தாயாரின் வைத்தியச் செலவுக்கும் கவலையிராது. ஆனால் மாலை 7 மணி வரையில் வேலை. அடையாற்று வகுப்புகளையும் கச்சேரிகளையும் கைவிட வேண்டும். இம்மாத இறுதிக்குள் பதில் சொல்ல வேண்டுமாம்.

"என்ன சொல்லப் போகிறீர்கள், அம்மா?" என்று கேட்டோம்.

"இன்னும் தீர்மானிக்கவில்லை, ஐயா. நாளைக் காலையிலும் 4 மணிக்கு எழுந்திருப்பேன். அதுவரை தெரியும்" என்றார்.

அவர் அந்த உத்தியோகத்தை ஏற்றுக்கொண்டால் அவரைக் குறை கூற நமக்கு வாயில்லை. பத்தொன்பது ஆண்டுகள் கற்ற வித்தையை ஒரு பெண் மூட்டை கட்டி வைக்கும்படி செய்தவர்கள், முன்வரிசையில் உட்கார்ந்து இலவசமாகக் கை தட்டிய நாம்தான்.