உள்ளங்கைச் சந்தை - 17: ஆப் இல்லாதவருக்கு அனுமதி இல்லை

2014 ஆகஸ்ட் வாக்கில் ஃபேஸ்புக் பயனாளர்களுக்கு ஓர் அறிவிப்பு வந்தது. ஃபேஸ்புக் ஆப்பிலிருந்து இனி நண்பர்களுக்கு மெசேஜ் அனுப்ப முடியாது. பேச வேண்டுமென்றால் ‘மெசஞ்சர்’ என்ற இன்னோர் ஆப்பைத் தனியாகப் போனில் ஏற்றிக்கொள்ள வேண்டும். மக்கள் கொதித்துப் போனார்கள். ஆப்பிளின் ஆப் ஸ்டோரில் இலவச ஆப்களின் வரிசையில் மெசஞ்சர் முதலிடத்தில் இருந்த அதே நாட்களில், அதற்கு வந்து விழுந்த மதிப்பீடுகளில் பெரும்பாலானவை ஒற்றை நட்சத்திரம். வேறு வழியில்லாமல் ஏற்றியவர்கள், ஏற்றிய கையோடு திட்டிவிட்டுப் போனார்கள். அந்த நவம்பரில் நடந்த பொதுக் கேள்வி-பதில் நிகழ்ச்சியில் மார்க் ஸக்கர்பெர்கிடமே இதைக் கேட்டார்கள். எல்லோரையும் புதிதாக ஓர் ஆப் ஏற்றச் சொல்வது பெரிய விஷயம்தான் என்று ஒப்புக்கொண்ட அவர், மெசேஜுக்கென்று தனி ஆப் இருப்பதுதான் நல்லது என்று வாதாடினார்.

ஏற்ற மனமில்லாதவர்களுக்கு அப்போதும் ஒரு வழி மிச்சமிருந்தது. போனிலுள்ள பிரவுசரில் ஃபேஸ்புக்கைத் திறந்தால் மெசேஜ் வேலை செய்தது. 2016 ஜூனில் அதையும் அடைக்கத் தொடங்கினார்கள். ஆண்ட்ராய்டு போனில் மெசேஜ் ஐகானைத் தொட்டால், உரையாடலுக்குப் பதிலாக பிளே ஸ்டோர் தானாகத் திறந்துகொண்டது. விவரம் தெரிந்தவர்கள் பிரவுசர் மெனுவில் ‘டெஸ்க்டாப் சைட்’ என்பதை டிக் செய்து, கம்ப்யூட்டருக்கான பக்கத்தைச் சின்னத் திரையில் இழுத்து இழுத்துப் பெரிதாக்கிப் படித்தார்கள். மற்றவர்கள் பணிந்து போனார்கள்.

2023 மார்ச்சில், மெசேஜ் வசதியை மறுபடியும் ஃபேஸ்புக் ஆப்புக்குள்ளேயே கொண்டுவந்து சோதித்துப் பார்ப்பதாக அதே நிறுவனம் அறிவித்தது. பிரித்ததற்குத் தொழில்நுட்பக் கட்டாயம் எதுவும் இல்லை என்பது இதற்கு மேலும் தெளிவாகத் தெரிய வேண்டியதில்லை.

பிறகு ஏன் இந்தப் பிடிவாதம்? பயனாளருக்குப் பிடிக்கவில்லை என்பது நிறுவனங்களுக்குத் தெரியாதா என்றால், நன்றாகத் தெரியும். கூகுள் தன்னுடைய அப்போதைய சமூக வலைதளமான கூகுள் பிளஸ்ஸில் இதை அளந்தே பார்த்து, 2015 ஜூலையில் முடிவை வெளியிட்டது. போன் பிரவுசரில் வருபவர்களை மறித்து, ஆப்பை இறக்கச் சொல்லும் முழுத்திரை அறிவிப்பைக் காட்டியபோது, ‘ஆப்பை இறக்கு’ என்ற பட்டனைத் தொட்டவர்கள் 9 சதவீதம். அந்த இடத்திலேயே பக்கத்தை விட்டு வெளியேறியவர்கள் 69 சதவீதம். அறிவிப்பை எடுத்துவிட்டுப் பார்த்தார்கள். மொபைல் தளத்தைத் தினமும் பயன்படுத்துவோர் எண்ணிக்கை 17 சதவீதம் கூடியது. ஐபோனில் ஆப் இறக்குவது வெறும் 2 சதவீதம்தான் குறைந்தது. கூகுள் அந்த அறிவிப்பை நிரந்தரமாக நீக்கிவிட்டது. மற்ற நிறுவனத்தாரும் இதைப் படித்திருப்பார்கள். படித்த பிறகும் மறிப்பதை நிறுத்தவில்லை. பத்துப் பேர் திரும்பிப் போனாலும் பரவாயில்லை, உள்ளே வரும் ஒருவர் அதைவிட அதிக மதிப்புள்ளவர் என்று கணக்குப் போடுகிறார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது.

அந்த மதிப்பு எங்கிருந்து வருகிறது? பிரவுசரில் திறக்கும் தளம், திண்ணையில் உட்கார்ந்து பேசிவிட்டுப் போகிற விருந்தாளி. ஆப், பெட்டி படுக்கையோடு வந்து அறையெடுத்துத் தங்கிவிடுகிறவர். பிரவுசர் பக்கத்தால் உங்கள் கான்டாக்ட் பட்டியலைத் தானாகப் படிக்க முடியாது; யாரோடு எத்தனை நிமிடம் பேசினீர்கள் என்று பார்க்க முடியாது. டேபை மூடினால் பெரும்பாலும் அதன் வேலை முடிந்தது. ஆப் அப்படி இல்லை. ஒருமுறை ‘அலவ்’ கொடுத்துவிட்டால் பின்னணியிலும் அதனால் ஓட முடியும்.

நடந்தவற்றைப் பாருங்கள். 2012-ல் ‘பாத்’ என்ற சமூக வலைதளத்தின் ஐபோன் ஆப், பயனாளர்களின் முகவரிப் புத்தகத்தை முழுசாகத் தன் சர்வருக்கு அனுப்பியதை சிங்கப்பூரிலிருந்த ஒரு டெவலப்பர் கண்டுபிடித்தார். மறுவருடம் அமெரிக்க வர்த்தக ஆணையத்துடன் அந்த நிறுவனம் 8 லட்சம் டாலர் கட்டிச் சமரசம் செய்துகொண்டது. 2014-ல் ட்விட்டர், போனில் வேறு என்னென்ன ஆப்கள் இருக்கின்றன என்ற பட்டியலைச் சேகரிக்கத் தொடங்கியது. 2018 மார்ச்சில், ஃபேஸ்புக்கிலிருந்து தங்கள் தரவுகளை இறக்கிப் பார்த்த ஆண்ட்ராய்டு பயனாளர்கள் சிலர், தாங்கள் யாருக்கு எப்போது போன் செய்தோம், எவ்வளவு நேரம் பேசினோம் என்ற பதிவுகள் வருடக்கணக்கில் அதில் கிடந்ததைப் பார்த்து அதிர்ந்தார்கள். அனுமதி கேட்டுத்தான் எடுத்தோம் என்றது நிறுவனம். அந்த டிசம்பரில் பிரிட்டன் நாடாளுமன்றக் குழு வெளியிட்ட ஃபேஸ்புக்கின் உள் மின்னஞ்சல்களில், இந்த அனுமதியைக் கேட்டால் வெளியே கெட்ட பெயர் வரலாம் என்று ஊழியர்களே 2015-ல் பேசிக்கொண்டது இருந்தது. அனுமதிப் பெட்டி திரையில் தோன்றாமலேயே காரியத்தை முடிக்க முடியுமா என்றும் அதில் ஆராய்ந்திருந்தார்கள்.

இவை எல்லாவற்றையும் விட என்னை உலுக்கியது 2025 ஜூனில் வெளிவந்த செய்தி. ஸ்பெயினின் இம்தியா நெட்வொர்க்ஸ் ஆய்வகம், நெதர்லாந்தின் ராட்பவுட் பல்கலைக்கழகம், பெல்ஜியத்தின் கே.யூ. லூவன் பல்கலைக்கழகம் ஆகியவற்றின் ஆய்வாளர்கள் சேர்ந்து கண்டுபிடித்தது இது. உலகில் லட்சக்கணக்கான இணையதளங்களில், ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டாவின் ‘மெட்டா பிக்சல்’ என்ற சிறிய நிரல் இருக்கிறது. நீங்கள் பிரவுசரில் ஒரு மருந்துக் கடையின் தளத்தைத் திறக்கிறீர்கள் என்று வையுங்கள். அதிலிருக்கும் பிக்சல், உங்கள் பிரவுசருக்கென்று ஓர் அடையாள எண் வைத்திருக்கும். ஆனால், அந்த எண் யாருடையது என்பதைப் பிரவுசர் சொல்லாது. அதே ஆண்ட்ராய்டு போனில் ஃபேஸ்புக் ஆப்போ இன்ஸ்டாகிராம் ஆப்போ இருந்தால், அது போனுக்குள்ளேயே ஒரு போர்ட்டை, அதாவது தகவல் வாங்கும் வாசலை, திறந்து வைத்துக் காத்திருந்தது. பிக்சல் அந்த எண்ணைப் போனுக்குள்ளேயே ஆப்பிடம் கைமாற்றியது. ஆப்புக்குத்தான் உங்கள் பெயர் தெரியுமே! எண்ணையும் ஆளையும் சேர்த்து சர்வருக்கு அனுப்பிவிட்டது. குக்கீயை அழித்தாலும் பயனில்லை, இன்காக்னிட்டோவில் போனாலும் பயனில்லை. 2024 செப்டம்பரிலிருந்து இது நடந்திருக்கிறது. ரஷ்யாவின் யாண்டெக்ஸ் 2017 முதலே இதைச் செய்துவந்ததும் அதே ஆய்வில் வெளிப்பட்டது. செய்தி வெளியான அன்றே மெட்டா நிறுத்திக்கொண்டது. கூகுளின் விதிகளைப் புரிந்துகொள்வதில் ஏதோ குழப்பம் என்று விளக்கம் சொன்னது.

அந்த ஆப்கள் இல்லாத போனில் இந்த வழி வேலையே செய்திருக்காது. பிரவுசரே போதும் என்று பத்து வருடமாகப் பிடிவாதம் பிடித்தவர்களைப் பழமைவாதிகள் என்று சொன்னவர்கள் இதைப் படிக்க வேண்டும்.

ஆப்பே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளையோடு தினமும் வீடியோவில் பேசுகிறவருக்கு ஆப்தான் வசதி. என் பெரியம்மா விஷயம் வேறு. அவர் வைத்திருப்பது விலை குறைந்த பழைய போன். உறவுக்காரப் பையன் கோயில் தேர்த் திருவிழாப் படங்களுக்கு ஒரு சமூக வலைதள லிங்க் அனுப்புகிறான். தொட்டால் இரண்டு படம் தெரியும். மூன்றாவதற்குள் திரை முழுக்க அறிவிப்பு வந்து மூடிக்கொள்ளும். “ஏப்பா, என்னமோ ஏத்தச் சொல்லுது. ஏத்தினா இடமில்லேங்குது. எதை அழிக்கட்டும்?” என்று எனக்குப் போன் செய்தார். அழிப்பதற்கு அவரிடம் இருப்பது பேத்தியின் படங்கள் மட்டும்தான். எதையும் அழிக்க வேண்டாம், படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்கிறேன் என்றேன். சொந்த ஊர்த் தேரைப் பார்ப்பதற்குப் பேத்தியின் படத்தை விலையாகக் கேட்பது அநியாயம். அந்த வலைதளத்துக்கு ஒருநாளும் இது தெரியப்போவதில்லை.

விவாதத் தளமான ரெடிட்டில் நடந்தது இன்னும் கொடுமை. அதன் ஆப் பிடிக்காதவர்கள் ‘அப்பல்லோ’ போன்ற வெளி ஆப்களின் வழியே படித்துவந்தார்கள். 2023-ல், இந்த வெளி ஆப்கள் தன்னிடம் தரவு கேட்டு அனுப்பும் அழைப்புகளுக்கு ஆயிரத்துக்கு 24 சென்ட் என்று ரெடிட் விலை வைத்தது. தனக்கு வருடத்துக்கு 2 கோடி டாலர் ஆகும் என்று அப்பல்லோவை உருவாக்கிய கிறிஸ்டியன் செலிக் கணக்கிட்டு, ஜூன் 30-ல் மூடிவிட்டார். ஆயிரக்கணக்கான குழுக்கள் இரண்டு நாள் இருட்டடிப்புச் செய்தும் நிறுவனம் அசையவில்லை. இதில் அதிகம் அடிபட்டவர்கள் பார்வையற்றவர்கள். ரெடிட்டின் சொந்த ஆப், திரையை வாசித்துக்காட்டும் மென்பொருளோடு சரியாக ஒத்துழைக்காததால், வெளி ஆப்களைத்தான் அவர்கள் நம்பியிருந்தார்கள். அவர்கள் போராடிய பிறகே, லாபநோக்கமற்ற சில ஆப்களுக்கு மட்டும் விலக்குக் கிடைத்தது.

நம் நாட்டில் 2023 நவம்பர் 30-ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், பயனாளரை ஏமாற்றும் 13 வகை வடிவமைப்புத் தந்திரங்களைத் தடைசெய்து வழிகாட்டு நெறிகள் வெளியிட்டது. நச்சரிப்பு அதில் ஒரு வகை. ஆப்பை இறக்கச் சொல்லித் திரும்பத் திரும்பக் கேட்கும் இணையதளத்தையே அதற்கு எடுத்துக்காட்டாகத் தந்திருக்கிறார்கள். நல்ல விஷயம். ஆனால், 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், இலவசமாகத் தரப்படுவதைச் சேவை என்று கணக்கில் எடுப்பதில்லை. சமூக வலைதளங்கள் இந்த ஓட்டையில் புகுந்துகொள்ள இடமிருக்கிறது. காசு வாங்கவில்லை என்பதால் இலவசம் என்று ஆகிவிடாது. நம் கான்டாக்ட் பட்டியலும், நாம் திறந்த மருந்துக் கடையும் அவர்களுக்கு விளம்பர வருமானமாக மாறுகின்றன. அப்படிக் கொடுப்பதையும் விலையாக எடுத்துக்கொள்ளும்படி சட்டத்தைத் திருத்த வேண்டும். ஆப் வைத்திருப்பவருக்குக் கிடைக்கும் அடிப்படை வசதி, பிரவுசரில் வருபவருக்கும் கிடைக்க வேண்டும் என்று அதில் எழுத வேண்டும்.

அதுவரை நம் கையில் இருப்பது போனின் செட்டிங்ஸ்தான். எந்தெந்த ஆப்புக்கு கான்டாக்ட், மைக், லொகேஷன் அனுமதி கொடுத்திருக்கிறோம் என்று இந்த வாரம் ஒருமுறை திறந்து பாருங்கள். தேவையில்லாததைப் பிடுங்கிவிடுங்கள். போனோடு வந்து நீக்க முடியாமல் கிடப்பவற்றை ‘டிஸேபிள்’ செய்யுங்கள். வீட்டிலிருக்கும் பெரியவர்களின் போனையும் வாங்கி, அவர்களிடம் கேட்டுக்கொண்டு, இதையே செய்துகொடுங்கள்.