சானிட்டரி நாப்கின்: உறை சொல்லும் கணக்கும் உண்மை அளவும்

மாதவிடாயில் வெளியேறுவது வெறும் ரத்தமல்ல. கருப்பையின் உள்வரிச் சவ்வு உதிர்ந்த திசு, கருப்பை வாயிலும் பிறப்புறுப்பிலும் சுரக்கும் சளி, இவற்றோடு ரத்தமும் சேர்ந்த கலவை அது. சராசரியாகப் பார்த்தால் அதில் ரத்தத்தின் பங்கு பாதிகூட இல்லை. ஆளுக்கு ஆள், நாளுக்கு நாள் அது பெரிதும் மாறுபடும். கருப்பைக்குள்ளேயே ரத்தம் உறையும். உறைந்ததைக் கரைக்கும் நொதிகளும் அங்கேயே உள்ளன. அதனால்தான் வெளியே வருவது பெரும்பாலும் திரவமாக இருக்கிறது. போக்கு வேகமாக இருக்கும் நாளில் அந்த நொதிகளால் ஈடுகொடுக்க முடிவதில்லை. கட்டி கட்டியாக வருவது அப்போதுதான்.

இதை எப்படி அளப்பது? 1960களில் ஸ்வீடனின் கோத்தன்பர்க் நகரில் 476 பெண்களிடம், அவர்கள் பயன்படுத்திய பேடுகளையே சேகரித்து, அவற்றிலிருந்த ஹீமோகுளோபினை வேதிமுறையில் பிரித்து அளந்தார்கள். ஒரு மாதவிடாய்க்குச் சராசரி இழப்பு 40 மில்லிலிட்டரை ஒட்டி வந்தது. 80 மி.லி.யைத் தாண்டினால் அதிக உதிரப்போக்கு என்ற வரையறை அங்கிருந்து வந்ததுதான். அந்த 80 என்பது ரத்தத்தின் அளவு மட்டுமே என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. சளியும் திசுவும் சேர்ந்து பேடில் இறங்கும் மொத்தத் திரவம் அதைவிடப் பல மடங்காகக்கூட இருக்கலாம். எந்தப் பெண்ணாலும் வீட்டில் அளந்து பார்க்க முடியாத ஓர் எண்ணை வைத்துக்கொண்டு, ‘இது சாதாரணம்தான்’ என்று மருத்துவமனையில் சொல்லி அனுப்புவது நியாயமல்ல.

இனி நாப்கின். தோலைத் தொடும் மேல் தாள், திரவத்தை வாங்கிப் பரப்பும் அடுக்கு, உறிஞ்சும் நடுப்பகுதி, கசியாமல் தடுக்கும் பாலிஎத்திலீன் அடித்தாள், ஒட்டும் பசை. இவற்றில் சூட்சுமம் எல்லாம் நடுப்பகுதியில் இருக்கிறது. அங்கே மரக்கூழ் இழைகளுக்கு இடையே சோடியம் பாலிஅக்ரிலேட் என்ற பொடி தூவப்பட்டிருக்கும். மண்ணில் ஈரம் காக்கும் பொருளைத் தேடி அமெரிக்க வேளாண் துறை 1960களில் செய்த ஆராய்ச்சியிலிருந்து வளர்ந்த பொருள்வகை இது. நாப்கினுக்குள் அது நுழைந்த பிறகுதான் தலையணை போலிருந்த பேடு மெலிந்தது.

புது நாப்கின் ஒன்றைக் கத்தரியால் வெட்டி, பஞ்சைத் தட்டினால் சர்க்கரைத் துகள் போன்ற வெள்ளை மணிகள் உதிரும். ஒரு கிண்ணத்தில் போட்டுத் தண்ணீர் ஊற்றினால் சில நிமிடங்களில் அத்தனை நீரையும் குடித்து, கிண்ணம் நிறைய வழவழப்பான கூழாக உப்பும். கிண்ணத்தைக் கவிழ்த்தாலும் சொட்டாது. அந்தக் கூழின் மேல் ஒரு ஸ்பூன் உப்பைத் தூவிக் கிளறினால், பிடித்து வைத்த நீரையெல்லாம் விட்டுவிட்டு அது சரிந்து ஓடும்.

நாப்கினின் பலமும் பலவீனமும் இந்தக் கிண்ணத்தில் தெரிந்துவிடுகின்றன. அந்த மணிக்குள் நீண்ட மூலக்கூறு இழைகள் ஒன்றோடொன்று பின்னி வலையாக நிற்கின்றன. வலை முழுக்க சோடியம் அயனிகள். உள்ளே உப்புத்தன்மை அதிகம், வெளியே குறைவு. அதைச் சமன்செய்யத்தான் நீர் உள்ளே பாய்கிறது. வடிகட்டிய நீர் என்றால் தன் எடையைப் போல் பல நூறு மடங்கு குடிக்கும். வெளியே உள்ள திரவத்திலும் உப்பு இருந்தால் இழுவிசை குறைந்து, சில பத்து மடங்கோடு நின்றுவிடும். ரத்தத்தில் உப்போடு புரதமும் சிவப்பணுக்களும் இருக்கின்றன. வலையின் கண்ணிகளைவிடச் சிவப்பணு பெரியது, உள்ளே நுழைய முடியாது. நீர்ப்பகுதி மட்டும் உள்ளே போக, அணுக்களும் புரதமும் மணியின் மேலேயே படிந்து வாசலை அடைக்கின்றன. பேடின் நடுப்பகுதி ‘நிறைந்து’ ஓரங்கள் உலர்ந்திருக்க, பக்கவாட்டில் கசிவது இதனால்தான். அது பயன்படுத்துபவரின் கவனக்குறைவு அல்ல.

அப்படியானால் ‘எக்ஸ்எல்’, ‘ஹெவி ஃப்ளோ’, ‘இரவு முழுவதும்’ என்ற உறுதிமொழிகள் எதை ஊற்றிப் பார்த்துத் தரப்படுகின்றன? பெரும்பாலும் நீரை அல்லது உப்புக் கரைசலை. நாப்கினுக்கான இந்தியத் தர நிர்ணய அமைப்பின் விதியான ஐஎஸ் 5405, 1980ஆம் ஆண்டு வடிவில், நிமிடத்துக்கு 15 மி.லி. வேகத்தில் 30 மி.லி. திரவத்தை ஊற்றி, அடியிலும் பக்கங்களிலும் கசியக்கூடாது என்றது. திரவம் நிறமிட்ட நீராக இருக்கலாம், உறையாமல் பதப்படுத்திய ஆட்டு ரத்தமாக இருக்கலாம், சோதனைத் திரவமாகவும் இருக்கலாம். நிற நீரில் தேறுவதும் ரத்தத்தில் தேறுவதும் ஒன்றே என்று ஏற்றுக்கொண்ட இந்த விதி, 2019இல்தான் திருத்தப்பட்டது. மலிவு விலை நாப்கின் இயந்திரத்தை உருவாக்கிய கோவையின் அருணாச்சலம் முருகானந்தம், இதற்கு வெகு காலம் முன்பே, கால்பந்து பிளாடரில் ஆட்டு ரத்தத்தை நிரப்பி உடம்பில் கட்டிக்கொண்டு நடந்தும் சைக்கிள் ஓட்டியும் தன் பேடைச் சோதித்தார். ஊர் அவரை ஒதுக்கியது. ஆனால் சோதனை முறையில் அவர் செய்ததே சரி.

ஆய்வு உலகம் அங்கே வந்து சேர 2023 ஆனது. அமெரிக்காவின் ஓரிகன் சுகாதார, அறிவியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ரத்த வங்கியில் காலாவதியான சிவப்பணுக்களைக் கொண்டு 21 பொருள்களைச் சோதித்தார்கள். நிறுவனங்கள் சொன்ன அளவும் சோதனையில் வந்த அளவும் பெரும்பாலும் ஒத்துப்போகவில்லை. நாப்கின், டாம்பான், கப் ஆகியவை பொதுவாக 20 முதல் 50 மி.லி. வரை தாங்கின. பீரியட் உள்ளாடை தாங்கியது சுமார் 2 மி.லி. மட்டுமே.

நாலு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும் என்ற அறிவுரை நிரம்புவதை மட்டும் பொறுத்ததல்ல. ஈரமும் சூடும் உராய்வும் சேர்ந்தால் தோல் புண்ணாகும். தமிழக அரசின் இலவச நாப்கின் திட்டமான ‘புதுயுகம்’ வகுத்த கணக்கோ, ஒரு மாணவிக்கு இரண்டு மாதத்துக்கு 3 பாக்கெட், பாக்கெட்டுக்கு 6 பேடு. மாதத்துக்கு 9. ஐந்து நாள் போக்குள்ள மாணவி ஆறு மணிக்கொரு முறை மாற்றினால் 20 தேவை. இலவசமாகத் தருவது நல்ல திட்டம்தான். அதே கையோடு தரும் சுகாதார அறிவுரையை அந்த எண்ணிக்கையால் பின்பற்ற முடியாது.

வாசகர்கள் அடிக்கடி கேட்கும் மற்ற கேள்விகளுக்குச் சுருக்கமான பதில்கள் இவை. கப் உறிஞ்சுவதில்லை, ஏந்துகிறது. அதனால் உப்புக் கணக்கு அதற்குப் பொருந்தாது. அணிந்த கப் கருப்பைக்குள் போய்விடாது. கருப்பை வாயின் துவாரம் அதற்கு மிகச் சிறியது. டாம்பானை எட்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக்கூடாது. அரிதென்றாலும் உயிரைப் பறிக்கும் நச்சு அதிர்ச்சி நோய் வரலாம். துணி பயன்படுத்துவதில் தவறில்லை, சோப்புப் போட்டுத் துவைத்து வெயிலில் காயவைக்க வேண்டும். மத்திய அரசின் மக்கள் மருந்தகங்களில் கிடைக்கும் ஒரு ரூபாய் ‘சுவிதா’ பேடு ‘ஆக்ஸோ-பயோடிகிரேடபிள்’ வகை. இத்தகைய பிளாஸ்டிக் உடைந்து நுண்துகளாகும் என்ற கவலையில், ஆக்ஸோ-சிதைவு பிளாஸ்டிக்கை ஐரோப்பிய ஒன்றியம் 2021 முதல் விற்கவே அனுமதிப்பதில்லை. பேடைக் கழிப்பறையில் போட்டால் அந்த மணிகள் உப்பிக் குழாயை அடைக்கும்.

பேடு எண்ணிக்கையை வைத்து உதிரப்போக்கை முடிவுசெய்ய முடியாது என்பதால், பார்க்க வேண்டிய அடையாளங்கள் வேறு: ஒரு மணி, இரண்டு மணி நேரத்தில் பேடு முழுதாக நனைவது, பெரிய நாணய அளவுக் கட்டிகள், ஏழு நாளைத் தாண்டும் போக்கு, படியேறினால் மூச்சு வாங்குவது. ஒரு மி.லி. ரத்தத்தோடு சுமார் அரை மில்லிகிராம் இரும்பும் போகிறது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழகத்தில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இந்த அடையாளங்களில் ஒன்று இருந்தாலும் ஹீமோகுளோபின் அளவைப் பார்த்துவிடுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் அந்தப் பரிசோதனை இலவசம்.