14 டொலரில் தொடங்கிய பெற்றோல் நிலையங்கள்

ஒரு தொழில் வளர்வது வேறு, வீங்குவது வேறு. சங்கங்களையும் சிறு தொழில்களையும் நடத்தும் நாம் இவ்வேறுபாட்டை அடிக்கடி மறந்துவிடுகிறோம். ஐக்கிய அமெரிக்காவின் மத்திய மேற்கு மாநிலங்களில் பரவிப் பின் தேய்ந்த 'கிளார்க்' பெற்றோல் நிலையங்களின் வரலாறு இதனை நன்கு விளக்கும்.

1932 இல் அந்நாடு கடும் பொருளாதார மந்தத்தில் சிக்கியிருந்தது. அவ்வேளை எமரி கிளார்க் என்பவர் மில்வோக்கி நகரில் மூடிக்கிடந்த சிறியதொரு பெற்றோல் நிலையத்தை 14 டொலருக்கு வாங்கினார். அவரது முறை எளிமையானது. உயர்தரப் பெற்றோல் ஒன்றையே பெரிய கம்பனிகளின் விலையிலும் குறைத்து விற்றார். ஒரே தரம் என்றால் நிலத்தடித் தாங்கியும் பம்பும் குறைவாகவே போதும். இவ்வாறு மிச்சமான செலவு விலைக்குறைப்பாக வாடிக்கையாளரைச் சேர்ந்தது.

விற்பனை பெருகியபோது அவர் சரக்குக்காகப் பிறர் கையை எதிர்பார்த்திருக்கவில்லை. 1940களில் இலினோய் மாநிலத்தின் புளூ ஐலன்டிலும், 1967 இல் ஹார்ட்ஃபோர்டிலும் சுத்திகரிப்பு நிலையங்களைக் கம்பனி தனதாக்கிக்கொண்டது. கடைக்குச் சரக்கும் சரக்குக்குக் கடையும் துணைநின்றன.

1981 இல் எபெக்ஸ் என்ற எண்ணெய் வர்த்தகக் கம்பனி கிளார்க்கை வாங்கியது. கடன் சுமை தாங்காத எபெக்ஸ் 1987 இல் வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரி நீதிமன்றம் சென்றது. கிளார்க் மீண்டும் கைமாறியது. 1999 இல் சுத்திகரிப்பு ஒருபுறமும் விற்பனை நிலையங்கள் மறுபுறமுமாகப் பிரிக்கப்பட்டன. தனித்துவிடப்பட்ட விற்பனைக் கம்பனி, 2000 இல் வேறொரு சிறுகடைத் தொடரையும் வாங்கியது. 2002 ஒக்டோபரில் அதுவும் வங்குரோத்தாகியது. புளூ ஐலன்ட் சுத்திகரிப்பு நிலையம் 2001 இலும், ஹார்ட்ஃபோர்ட் 2002 இலும் மூடப்பட்டன. நிலையங்கள் பலரிடம் சிதறின. இன்று 'கிளார்க்' என்பது தனியார் நிலையங்கள் அனுமதி பெற்றுப் பயன்படுத்தும் பெயராக எஞ்சியுள்ளது.

பெற்றோல் விற்பனையில் லீற்றர் ஒன்றுக்குக் கிடைக்கும் இலாபம் சிறிது. விற்பனை குறைந்தாலும் கடனுக்கு வட்டி கட்டியே ஆகவேண்டும். சிறு இலாபத்தில் ஓடும் தொழில்மீது பெருங்கடனை ஏற்றினால் அது நெடுநாள் தாங்காது.

எமது பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்களும் பெற்றோல் நிலையங்களை நடத்துகின்றன. புதிய கிளை திறக்கும் தீர்மானம் வரும்போது, அங்கத்தவர்களாகிய நாம் மூன்று கேள்விகளைக் கேட்போம்: இதற்கான பணம் எமது சேமிப்பா, கடனா? விற்பனை பாதியானால் தவணையை எப்படிக் கட்டுவோம்? சரக்கு வரும் வழி எவர் கையில் இருக்கிறது? பதில் கிடைத்த பின்னர் கையை உயர்த்துவோம்.